உங்கள் கண்ணாடி இப்போது எந்தத் தட்டில்?

கண்ணைப் பரிசோதித்து, துண்டைக் கண்ணாடிக் கடையில் கொடுத்து, பிரேமையும் தெரிந்தெடுத்துவிட்டால் "ஒரு கிழமையில் எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். பிள்ளையின் சாதாரணக் கண்ணாடி சிலவேளை அன்றைக்கே கிடைத்துவிடும். அம்மாவின் புரோகிரசிவ் கண்ணாடி, அதாவது தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில் தெரிவது, இரண்டு கிழமை எடுத்தாலும் ஆச்சரியமில்லை. தொலைபேசியில் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "லாப்பில் இருக்கு."

அந்த லாப் பெயரில் மட்டும்தான் ஆய்வுகூடம். உள்ளே போனால் வைரமுனை வெட்டிகள் சுழலும், மெருகூட்டும் திரவம் வழியும், வெற்றிடக் கலங்களில் பூச்சு ஏறும் ஒரு தொழிற்சாலை அது. எமது பிள்ளைகளும் அண்மையில் வந்துசேர்ந்த தம்பிமாரும் இப்படியான இடங்களில் இரவு வேலை செய்கிறார்கள். நாம் இருப்பது கணக்கு அறையில். அங்கிருந்து பார்த்தால் முழு லாப்பையும் நடத்துவது ஒரு மென்பொருள். அதைப்பற்றி, குறிப்பாக உடைந்த லென்ஸ்களை அது எண்ணும் விதத்தைப்பற்றி, எம்மவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அந்த எண்ணிக்கையால் வேலை இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். கடையிலிருந்து வரும் ஓடரில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஸ்பியர், சிலிண்டர், அக்ஸிஸ், அட் என்ற எண்கள், கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம், பிரேமின் உள்வடிவம் எல்லாம் இருக்கும். வட அமெரிக்காவில் கண் வைத்திய நிபுணர்கள் பலர் சிலிண்டரைப் பிளஸில் எழுதுவார்கள், ஒப்ரோமெட்ரிஸ்டுகள் மைனஸில் எழுதுவார்கள். +2.00, -1.00, 180 பாகை என்பதும் +1.00, +1.00, 90 பாகை என்பதும் ஒரே லென்ஸ்தான். பற்றையும் வரவையும் இடம் மாற்றி எழுதினாலும் மீதி மாறாதிருப்பது போல என்று நாம் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. இந்த மாற்றத்தை மென்பொருள் தானே செய்துவிடும். ஆனால் கடைக்காரர் மைனஸ் அடையாளத்தை விட்டுவிட்டால் அதற்குத் தெரியாது. ஒரு கண் பிளஸ், மற்றது மைனஸ் என்று வந்தால் எச்சரிக்கும் வகைகள் உண்டு. இரண்டு கண்ணிலும் தவறவிட்டால் சொல்ல ஆளில்லை.

ஓடர் உள்ளே வந்ததும் அதற்கு ஒரு வேலை இலக்கம், ஒரு பார்கோட் சீட்டு, ஒரு சிறிய பிளாஸ்ரிக் தட்டு. அந்தத் தட்டில்தான் இரண்டு லென்ஸும், பிரேம் வந்திருந்தால் அதுவும், கடைசிவரை பயணம் செய்யும். முன்பக்கம் முடிந்து பின்பக்கம் வெட்டப்படாத தடித்த வட்டத்துண்டை 'பிளாங்க்' என்பார்கள். எந்தப் பிளாங்க்கை இறாக்கையிலிருந்து எடுக்க வேண்டும், பின்பக்கம் எந்த வளைவில் வெட்டவேண்டும், நடுவில் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு விடவேண்டும் என்று கணிப்பது மென்பொருள். பிறகு பிடி ஒட்டும் இடம், வெட்டும் இடம், மெருகூட்டும் இடம், பூச்சு, விளிம்பு வெட்டிப் பிரேமில் பொருத்தும் இடம், இறுதிப் பரிசோதனை. ஒவ்வோர் இடத்திலும் சீட்டு ஸ்கான் செய்யப்படும். யார், எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தில் என்பதெல்லாம் பதிவாகும்.

இயந்திரங்கள் ஒரே கொம்பனியுடையவை அல்ல. வெட்டுவது ஜேர்மனியின் ஷ்னைடர், விளிம்பு வெட்டுவது இத்தாலியின் எம்.இ.ஐ அல்லது ஜப்பானின் நிடெக் என்று கலந்து கிடக்கும். இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதற்கு அமெரிக்காவின் விஷன் கவுன்சில் பராமரிக்கும் ஒரு பொதுவான தரவு நியமம் உண்டு. அதற்குமுன் அதைக் கவனித்த சங்கத்தின் பெயரால் இன்றும் 'ஓ.எம்.ஏ கோப்பு' என்றே சொல்கிறார்கள். மிக எளிய ஏற்பாடு: ஒரு சிறு தலைப்பு, சமன் அடையாளம், வலக்கண்ணின் எண், ஓர் அரைப்புள்ளி, இடக்கண்ணின் எண். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம்.

கணக்காளர்களாகிய எமக்கு இந்த மென்பொருளின் அருமை தெரிவது இருப்பில். பழைய முறையில் புரோகிரசிவ் வடிவம் பிளாங்க்கின் முன்பக்கத்திலேயே அச்சாகி வரும். கிட்டப்பார்வைக்கான 'அட்' 0.75 இலிருந்து 3.50 வரை கால் காலாக ஏறினால் 12 படிகள். வலம், இடம் என இரண்டு, ஆக 24. முன்வளைவுகள் ஐந்து என்றால் 120. நான்கு வகை மூலப்பொருள், ஒவ்வொன்றிலும் வெள்ளை, வெயிலில் கறுக்கும் சாம்பல், வெயிலில் கறுக்கும் மண்ணிறம் என்று மூன்று. பெருக்கிப் பாருங்கள்: 1440. ஒரேயொரு வடிவத்துக்கு, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வைத்தாலும் இவ்வளவு. அதில் யாரும் கேட்காத 3.50 அட் பிளாங்க்குகள் ஆண்டுக்கணக்கில் தூசு பிடித்துக் கிடக்கும். ஐந்தொகையில் அவை சொத்து, உண்மையில் செத்த காசு.

2000 ஆம் ஆண்டளவில் 'ஃப்ரீஃபோம்' முறை வந்தது. புரோகிரசிவ் வடிவத்தை லாப்பிலேயே பின்பக்கத்தில் வெட்டலாம் என்றானது. முன்பக்கம் வெறும் கோளம். அட் தேவையில்லை, வலம் இடம் தேவையில்லை. ஐந்து வளைவு, நான்கு பொருள், மூன்று நிறம்: 60. 1440 அறுபதாகக் குறைந்தது. இது வெறும் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று சொல்வோர் இறாக்கைக்குப் பணம் கட்டாதவர்கள்.

ஆனால் வடிவம் இப்போது கணிதமாகிவிட்டதால், அந்தக் கணிதத்தை வைத்திருப்பவர் ஒவ்வொரு லென்ஸுக்கும் கட்டணம் கேட்கிறார். லாப் மென்பொருள் எண்களை வடிவமைப்பு மென்பொருளுக்கு அனுப்பி மேற்பரப்பைப் பெறுகிறது. அப்படிப் பெறுவதற்கான கட்டணத்தை 'கிளிக்' என்பார்கள். முன்பு இருப்பில் முடங்கிய பணம் இப்போது மாறும் செலவாக மாதாமாதம் வெளியேறுகிறது. லென்ஸ் உடைந்து திரும்பச் செய்தால் கிளிக்குக்கு இரண்டாம் தரம் பணமா என்பது ஒப்பந்தத்தில் உள்ள விடயம். எம்மவரில் யாராவது சிறு லாப் தொடங்க நினைத்தால், மென்பொருளின் அழகைப் பார்க்கமுன் அந்த வரியைப் படியுங்கள்.

இனி உடைவு. லாப் பேச்சில் 'உடைவு' என்றால் துண்டாக உடைவது மட்டுமல்ல. கீறல், பூச்சில் புள்ளி, வலு பிசகு, அச்சுத் திரும்பல், பிரேமுக்குச் சிறிதாக வெட்டுப்பட்டது, எல்லாம் உடைவுதான். உடைந்ததும் அந்தத் தட்டை உடைவு என்று ஸ்கான் செய்து காரணக் குறியீடு கொடுக்க வேண்டும். மென்பொருள் புதுப் பிளாங்க் எடுக்கச் சொல்லி வேலையைத் திரும்பத் தொடங்கும். மற்றக் கண்ணின் லென்ஸ் நல்லதாக இருந்தாலும் தட்டில் காத்திருக்கும். அம்மாவின் கண்ணாடி இரண்டு கிழமை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று பூச்சு. தெறிப்பொளியைக் குறைக்கும் பூச்சு தொகுதி தொகுதியாகப் பூசப்படுவது. ஒரு தொகுதியைத் தவறவிட்ட லென்ஸ், சந்திக்கு வர பஸ் புறப்பட்டுவிட்டது போல அடுத்ததற்குக் காத்து நிற்கும்.

இந்த உடைவுப் பதிவில் இரண்டு விடயங்கள் வேறுவேறாக இருக்க வேண்டும்: பழுது கண்டுபிடிக்கப்பட்ட இடம் ஒன்று, பழுதுக்குக் காரணமான இடம் இன்னொன்று. நல்ல மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. அவசரத்தில் இரண்டாவதை நிரப்பாமல் விட்டால் கண்டுபிடித்தவர் தலையில்தான் விழும்.

நாம் கணக்குப் பார்த்த ஒரு லாப்பில் இரவு முறையில் விளிம்பு வெட்டும் ஒரு தம்பி இருந்தார். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆள்வாரி உடைவு அறிக்கையில் அவர் பெயர் முதலாவதாக வந்தது. பெரும்பாலும் அச்சுத் திரும்பல். சிலிண்டர் 1.50 இற்கு மேற்பட்டால் அச்சு இரண்டு பாகைக்கு மேல் விலகக்கூடாது என்பது அமெரிக்காவின் ஆன்சி நியமம், எனவே சிறிது திரும்பினாலும் லென்ஸ் குப்பைக்குத்தான். மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதத்துக்கு ஆயத்தமானார். தம்பிக்கு இருந்தது தற்காலிக வேலை அனுமதி. வேலை போனால் அதன்பின் என்னென்ன போகும் என்று இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதே தரவை ஆள்வாரியாக அல்லாமல் பூச்சுவாரியாக எடுத்துத் தரும்படி கேட்டோம். ஏறக்குறைய எல்லாமே நீரும் எண்ணெயும் ஒட்டாத வழுவழுப்பான மேற்பூச்சு உள்ளவை. அப்படியான லென்ஸை இயந்திரம் இறுக்கிப் பிடித்தாலும் வெட்டும் விசையில் அது வழுக்கித் திரும்பிவிடும். அதற்கென்று ஒட்டுப் படலம் ஒன்று உண்டு, லென்ஸில் ஒட்டி வெட்டியபின் உரித்துவிடுவது. கொள்வனவுப் பேரேட்டைத் திறந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பிருந்து அந்தப் படலம் அரைவாசிதான் வாங்கப்பட்டிருந்தது. யாரோ செலவைக் குறைத்திருக்கிறார்கள். பகல் முறை இருந்ததைப் பாவித்து முடிக்க, இரவில் வந்தவருக்கு மிஞ்சியது வெறும் பெட்டி. படலம் மீண்டும் வந்தது, அச்சுத் திரும்பலும் அடங்கியது. கடிதம் அனுப்பப்படவில்லை.

அந்தத் தம்பியைக் காப்பாற்றியது எமது கெட்டித்தனம் அல்ல. அவர் ஒவ்வோர் உடைவையும் ஒளிக்காமல் ஸ்கான் செய்திருந்தார். பயத்தில் பலர் செய்வது வேறு: உடைந்ததைச் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு இறாக்கையிலிருந்து இன்னொன்றை எடுத்துவிடுவார்கள். அப்போது இருப்பெடுப்பில் பிளாங்க் குறையும், களவு என்ற பேச்சு வரும், உண்மையான காரணம் எவர் கண்ணிலும் படாது. ஆகவே இப்படியான வேலையில் உள்ள பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: உடைந்தால் உடனே ஸ்கான் செய்யுங்கள், காரணக் குறியீட்டை நீங்களே தெரிவு செய்யுங்கள், மற்றவரைத் தெரிவு செய்ய விடாதீர்கள். லென்ஸ் உங்களிடம் வரும்போதே கீறியிருந்தால் வேலை தொடங்கமுன் பதியுங்கள். எச்சரிக்கை வந்தால் "பூச்சுவாரி, இயந்திரவாரி அறிக்கையும் காட்டுங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த அறிக்கையை எடுக்க அதிக நேரம் பிடிக்காது.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். உடைவு எண்ணிக்கையைச் சுவரில் பெயர் பெயராக ஒட்டும் லாப்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒட்டிய கிழமையே எண்ணிக்கை குறையும். பிளாங்க் செலவு மட்டும் குறையாது.

கண்ணாடி வாங்கும் குடும்பங்களுக்கு இரண்டு விடயம். பிந்தினால் "எப்ப வரும்" என்று கேட்பதைவிட "வேலை இலக்கம் என்ன, எந்த இடத்தில் நிக்குது, திரும்பச் செய்யுறாங்களா" என்று கேளுங்கள். பல கடைகளின் கணினியில் லாப்பின் அந்த நிலை அப்படியே தெரியும். மற்றது எமது நீண்ட பெயர்கள். பெயர்க் கட்டத்தில் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டு, தகப்பனின் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்குமாகி, ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே நாளில் ஓடர் கொடுத்தால் மூன்று சீட்டிலும் ஒரே பெயர் நிற்கும். லாப்புக்கு அதில் சிக்கலில்லை, அது பார்கோட்டைத்தான் பார்க்கும். பிசகுவது கடையில் உறையைக் கையில் தரும்போது. அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு, உறையில் ஒட்டியுள்ள இலக்கத்தை உங்கள் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டபின் வெளியே வாருங்கள்.