உப்பு நீரில் தழைக்கும் மரம்: அதன் ரகசியத்தைத் தேடிய விஞ்ஞானி

அரியலூரில் கடல் கிடையாது. பெரம்பலூரிலும் கிடையாது. ஆனால் அங்கே பல இடங்களில் மண்ணைத் தோண்டினால் சிப்பி கிடைக்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடற்பிராணிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அந்தக் கடலில் விழுந்த மரம் ஒன்று கல்லாக மாறி, சாத்தனூரில் இன்றும் படுத்திருக்கிறது. அதை 1940-ம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்.

அந்தக் கடல் மரம் கல்லாயிற்று. இன்றைய கடலோரத்திலோ, உப்பு நீரிலேயே நின்றுகொண்டு பச்சைப் பசேலென்று தழைக்கும் மரங்கள் இருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இந்த இரண்டு ஆறுகளும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவேதான் அந்தக் காடு இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம்!

மரம் செய்யும் தந்திரம்

வயலில் உப்பு ஏறினால் நெல் கருகிவிடும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். பிச்சாவரத்து மரங்கள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. சுரபுன்னை, உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். உமரிச் செடி உப்பைத் தன் தடித்த இலைகளிலே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த உமரியைக் கடலோர மக்கள் கீரையாகச் சமைத்து உண்பதும் உண்டு. அதற்குத் தனியாக உப்புப் போட வேண்டுமா என்ன!

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது கூட இப்படிப்பட்ட ஒரு மரத்தால்தான். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

நெல்லுக்கு ஒரு கொடை

வெண்கண்டலின் இந்தச் சக்தியை நெல்லுக்குக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் அஜய் பரிடா. 1963-ல் ஒடிசாவில் பிறந்தவர். டில்லி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். சென்னை தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். நிறுவனத்தை 1988-ல் தொடங்கிய சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்தவர். பூமி சூடேறினால் கடல் மட்டம் உயரும், கடலோர வயல்களில் உப்பு நுழையும் என்று முன்கூட்டியே எண்ணி, இந்தக் காடுகளின் மீது அவர் கண் வைத்தார்.

உப்பு மிகும்போது செடியின் உடலுக்குள் ஒருவகை நச்சு ஆக்சிஜன் உண்டாகிறது. அது செல்களைச் சிதைக்கிறது. வெண்கண்டல் அதை முறிக்க ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு எது என்று பரிடா குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து, பாசுமதி நெல் ஒன்றிலே சேர்த்தார்கள். அப்படி உண்டான நாற்றுகள் சாதாரண நாற்றுகளைவிட உப்பையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கின. இந்த ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று.

சோதனைச்சாலையில் தாங்கிய நெல் உடனே உழவர் வயலுக்கு வந்துவிடுமா? வரவில்லை. மரபணு மாற்றிய பயிர் என்றால் பல சோதனைகளும் அனுமதிகளும் வேண்டும். அதை எதிர்ப்பவர்களும் உண்டு. ஆகவே உவர் நிலத்து உழவர்கள் பழைய வழிகளையே நம்புகிறார்கள். களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு நீர் பாய்ச்சி வடித்தால் மண் திருந்தும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் அந்த ஜிப்சம் மண்ணுக்குள் கீற்றுக் கீற்றாகக் கிடக்கிறது. அதுவும் பழைய கடல் விட்டுச் சென்ற சொத்துதான்!

பரிடாவுக்கு 2014-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பின்னர் புவனேசுவரத்தில் உயிர் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகச் சென்றார். 2022 ஜூலை 19-ல் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

மீன் முள் வாய்க்கால்

நிறுவனத்தின் மற்றொரு வேலை பிச்சாவரத்திலேயே நடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, காட்டைத் துண்டு துண்டாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போயிற்று. வெயில் பட்டு மண் காய்ந்து, நிலம் தட்டுப் போல் பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் மிஞ்சிற்று. உப்பிலே வாழும் மரமே அங்கு முளைக்கவில்லை என்றால் பாருங்கள்!

வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் கிராமத்து மக்களும் சேர்ந்து, 1990-களில் மீனின் முள்ளைப் போல வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சிறு கிளைகள். அலை ஏறும்போது நீர் வந்தது, இறங்கும்போது போயிற்று. உப்பு கரைந்து வெளியேறியது. வெண்கண்டல் நாற்றுகளை நட்டார்கள். காடு மறுபடி எழுந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. இந்த மரங்களுக்கு உப்பு நீர் மட்டும் போதாது. ஆற்று நீரும் கலந்து வர வேண்டும். கொள்ளிடத்தில் வரும் நன்னீர் குறையக் குறைய, சுரபுன்னை போன்றவை சுருங்கி, உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டலே எங்கும் பரவுகிறது.