மோவானா தீவுக் காட்சியின் கோப்பு வடிவங்கள்

மோவானா தீவுக் காட்சி என்பது வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோஸ் 2018ஆம் ஆண்டு ஆய்வுக்காகவும் மென்பொருள் உருவாக்கத்துக்காகவும் இலவசமாக வெளியிட்ட கணினி வரைகலைத் தரவுத்தொகுப்பு ஆகும். 2016இல் வெளியான மோவானா திரைப்படத்தின் மோட்டுநுயி தீவுதான் இக்காட்சி. அடிப்படைத் தொகுப்பு மட்டும் சுருக்கிய நிலையில் 45 ஜிபி. விரித்தால் 93 ஜிபி. இதைக் கையாள்பவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் ஒளியைக் கணக்கிடுவது அன்று, கோப்புகளைப் படித்து முடிப்பதே.

வடிவியல் ஓபிஜே கோப்புகளில் உள்ளது. ஒளிமூலம், கேமரா, பொருட்தன்மை, இலைகளும் பாறைகளும் நிற்கும் இடங்கள் ஆகியவை ஜேசான் கோப்புகளில் உள்ளன. தனித்த முக்கோணங்களும் நாற்கரங்களும் 9 கோடிக்கு மேல். ஒரே இலையைப் பல இடங்களில் மீண்டும் வைக்கும் இன்ஸ்டன்சிங் முறையில் 2.8 கோடி படிகள் வைக்கப்பட்டுள்ளன; அனைத்தையும் விரித்தால் 1500 கோடிக்கும் மேற்பட்ட அடிப்படை வடிவங்கள் கிடைக்கும். ஓபிஜே வடிவத்தில் இன்ஸ்டன்சிங் கிடையாது. எனவே காட்சி முழுவதையும் ஒரே ஓபிஜே கோப்பாக மாற்ற முயல்வது வீண் வேலை.

ஒவ்வொரு படியின் இடத்தையும் திருப்பத்தையும் 16 எண்கள் கொண்ட அணி குறிக்கிறது. ஓர் எண்ணை இரும வடிவில் 4 பைட்டில் எழுதினால் 2.8 கோடி அணிகளுக்கு ஏறத்தாழ 1.8 ஜிபி போதும். அதே எண்ணை 18 எழுத்துகள் கொண்ட உரையாக எழுதினால் 8 ஜிபி ஆகிவிடும். இடத்தைவிட நேர இழப்பே பெரிது: ஒவ்வோர் எழுத்தையும் படித்து எண்ணாக மாற்ற வேண்டும். இத்தொகுப்பு பிபிஆர்டி மென்பொருளின் உரை வடிவிலும் கிடைக்கிறது. அம்மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவரான மேட் ஃபார், அதைத் திறந்தபோது ரெண்டரிங் தொடங்கவே சுமார் 35 நிமிடம் ஆனதாகப் பதிவு செய்துள்ளார். உரைக் கோப்பை மனிதர் திறந்து படித்துப் பிழை தேடலாம் என்பது உண்மையே. ஆனால் கோடிக்கணக்கான எண்களை யாரும் கண்ணால் படிக்கப்போவதில்லை. முக்கோண வலைகளை மட்டும் இரும பிஎல்ஒய் கோப்புகளாக மாற்றிவிட்டு, மற்றவற்றை உரையாகவே விட்டுவைப்பது நல்ல வழி. பிபிஆர்டியின் மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே ஒரு கட்டளைத் தெரிவு உண்டு.

ஓபிஜே கோப்புக்குச் சொந்தமாகப் படிப்பான் எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் உச்சிகளின் எண்ணிக்கை 0இல் அல்லாமல் 1இல் தொடங்கும். புதிய குழு வந்தாலும் மீண்டும் 1க்குத் திரும்பாமல் கோப்பின் இறுதிவரை தொடரும். இதை மறந்தால் முதல் குழு சரியாகத் தெரியும், அடுத்தவை சிதறிப்போகும்.

மேற்பரப்பு நிறங்கள் டிஸ்னியிலேயே உருவான பிடெக்ஸ் வடிவில் உள்ளன. இதில் ஒவ்வொரு முகத்துக்கும் தனிப் படிமம் இருப்பதால் வழக்கமான யூவி விரிப்பு தேவையில்லை. முகங்களின் வரிசையை வைத்தே நிறம் பொருத்தப்படுகிறது. ஆகவே நாற்கரங்களை முக்கோணங்களாக உடைக்கும்போது, எந்த முக்கோணம் எந்த நாற்கரத்திலிருந்து வந்தது என்பதைக் குறித்து வைக்காவிட்டால் நிறங்கள் இடம் மாறிவிடும்.

பின்னர் இக்காட்சி பிக்சாரின் யூஎஸ்டி வடிவிலும் வெளியிடப்பட்டது. யூஎஸ்டியில் உரை, இருமம் ஆகிய இரு வகைகளும் உண்டு; யூஎஸ்டிகேட் கருவி ஒன்றை மற்றொன்றாக மாற்றும். நினைவகம் குறைந்த கணினியில் யூஎஸ்டிவியூ கருவியைப் பேலோடுகளை ஏற்றாமல் திறக்கலாம். பேலோடுகளாகப் பிரித்து வைக்கப்பட்ட காட்சியாக இருந்தால், முதலில் அதன் படிநிலை அமைப்பைப் பார்த்துவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.