செம்பருத்தி வளர்ப்பு

செம்பருத்தி (அறிவியற் பெயர்: ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ்) என்பது மால்வேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் ஒரு பூக்கும் செடியாகும். பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. செம்பருத்தி உறைபனியைத் தாங்காது. எனவே குளிர் நாடுகளில் இதனைத் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைப்பர். தமிழகத்தில் குளிர் இதற்கு இடையூறு செய்வதில்லை. ஆயினும் கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்பும் காற்றும் மழைநீர்த் தேக்கமும் இதன் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை.

பெயர்

இச்செடி செம்பரத்தை எனவும், இலங்கையில் செவ்வரத்தை எனவும் வழங்கப்படுகிறது. லின்னேயஸ் 1753 இல் இதற்கு அறிவியற் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி 'சீன ரோஜா' எனப் பொருள்படும். எனினும் இது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இப்பூ 1960 இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.

பூவின் அமைப்பு

ஓரடுக்குப் பூவில் ஐந்து இதழ்கள் உள்ளன. நடுவே நீண்டிருக்கும் குழலின் மேற்பகுதியில் மகரந்தப் பைகளும், அதன் நுனியில் ஐந்து சூல்முடிகளும் அமைந்துள்ளன. தேன் புல்லிவட்டத்தின் உட்புற அடியில் சுரக்கிறது. பெரும்பாலான வகைகளில் ஒரு பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும். செடி புதிய கிளை நுனிகளில் தொடர்ந்து மொட்டு விடுவதால் பூக்கள் நாள்தோறும் கிடைக்கின்றன. தோட்ட வகைகளில் பல, விதை கட்டுவது அரிது. எனவே இச்செடி பெரும்பாலும் போத்துகள் மூலமே பெருக்கப்படுகிறது.

ஓசனிச்சிட்டும் தேன்சிட்டும்

அமெரிக்கக் கண்டங்களில் செம்பருத்திப் பூவை நாடிவரும் பறவை ஓசனிச்சிட்டு ஆகும். ஓசனிச்சிட்டுகளில் 360 அளவிலான இனங்கள் உள்ளன. அவை அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. இந்தியாவில் ஓசனிச்சிட்டு இல்லை. இங்கு செம்பருத்தியைச் சுற்றிப் பறக்கும் சிறு பறவையைப் பலர் ஓசனிச்சிட்டு எனத் தவறாகக் கருதுகின்றனர். அது தேன்சிட்டு ஆகும்.

இவ்விரு பறவைகளும் நெருங்கிய உறவின அல்ல. ஓசனிச்சிட்டு உழவாரன் குருவிகளுக்கு நெருக்கமானது. தேன்சிட்டோ காக்கை, சிட்டுக்குருவி போன்றவை அடங்கும் பெரும் வரிசையைச் சேர்ந்தது. பூந்தேனை உண்டு வாழ்ந்ததால் இரண்டும் தனித்தனியே நீண்ட அலகையும் நாவையும் பெற்றன. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். தேன்சிட்டு சிறிது நேரம் அவ்வாறு பறக்க வல்லதாயினும், பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே குடிக்கும்.

தமிழகத்தில் ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் வீட்டுத் தோட்டங்களில் எளிதில் காணக்கூடியவை. இவை ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுடையவை. செம்பருத்தியில் இவை பல வேளைகளில் பூவின் வாய் வழியாகச் செல்லாமல், அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேனை எடுத்துவிடுகின்றன. மகரந்தம் அலகில் படாததால் பூவுக்கு இதனால் பயன் இல்லை. இது 'தேன் திருட்டு' எனப்படுகிறது.

தேன்சிட்டுக்காகச் செம்பருத்தி வளர்ப்போர் ஓரடுக்குச் சிவப்பு வகையைத் தெரிவு செய்வது நன்று. அடுக்குப் பூவில் இதழ்கள் நெருங்கியிருப்பதால் பறவை மேலிருந்து தேனை எட்டுவது கடினம்.

நடவு முறை

பென்சில் பருமனுள்ள, முற்றிலும் முதிராத கிளையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் போத்துகளை வெட்ட வேண்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலுள்ள ஓரிரு இலைகளைத் தவிர மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்தால், சில வாரங்களில் வேர் பிடிக்கும். புதுத் தளிர் வந்த பின்னர் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

நிலத்தில் நடுவதற்கு 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழி போதுமானது. செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து குழியை நிரப்பலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடத்தில் பூக்கள் மிகுதியாகக் கிடைக்கும். பூக்கள் புதுக்கிளைகளில் தோன்றுவதால் அவ்வப்போது கவாத்து செய்வது அவசியம். கிளைகளில் தேன்சிட்டின் தொங்கும் கூடு இருப்பின், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை கவாத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கடற்கரை ஊர்களில் வளர்த்தல்

கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக்கு நீரிணைப் பகுதியின் கரையில் அமைந்த மீன்பிடி ஊராகும். இத்தகைய ஊர்களில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

உப்பு: உவர்நீர் பாய்ச்சினால் இலை விளிம்புகள் கருகி, மொட்டுகள் மலராமல் உதிரும். சேமித்த மழைநீர் ஏற்றது. தமிழகத்தில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. வேர் பிடித்த கன்றை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நட்டால், மழைநீர் மண்ணிலுள்ள உப்பைக் கீழே கழுவிச் செல்லும்.

நீர்த்தேக்கம்: அதே மழை தேங்கி நின்றால் வேர் அழுகும். எனவே மேட்டுப்பாத்தியில் நடுவது பாதுகாப்பானது.

சுண்ணாம்பு: சிப்பி கலந்த மணலில் செடியால் இரும்புச் சத்தை எளிதில் எடுக்க இயலாது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இடைப்பகுதி மஞ்சளாவது இதன் அறிகுறியாகும். மட்கிய எருவை மிகுதியாக இடுவது உதவும்.

காற்று: வீட்டுச் சுவரின் மறைவிலோ, உப்பைத் தாங்கும் பூவரசு வேலியின் மறைவிலோ நடலாம். எனினும் பெரும் புயல்களுக்கு இவை ஈடாகா. 2018 நவம்பர் 16 இல் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. செடியைக் குட்டையாகக் கவாத்து செய்து வைத்தால் முறிவு குறையும்.

மாவுப்பூச்சி

செம்பருத்தியின் முதன்மை எதிரி மாவுப்பூச்சியாகும். வெண்ணிறப் பஞ்சு போல் தளிர்களில் படிந்து சாற்றை உறிஞ்சும். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றோடு செம்பருத்தியையும் தாக்கியது. பூச்சிக்கொல்லி தெளித்தும் அது முழுமையாகக் கட்டுப்படவில்லை. 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு வெளியிடப்பட்ட பின்னரே தாக்குதல் பெரிதும் தணிந்தது.

வீட்டுத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். கடும் பூச்சிக்கொல்லிகள் மாவுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டுகளையும் இத்தகைய குளவிகளையும் கொன்றுவிடும். மேலும், தேன்சிட்டு தேனை நம்பி வாழ்ந்தாலும் தன் குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டியே வளர்க்கிறது. பூச்சியற்ற தோட்டத்தில் பூக்கள் நிறைந்திருப்பினும் குஞ்சுகளுக்கு உணவு கிடைக்காது. ஆகவே தாக்கப்பட்ட நுனிகளை வெட்டி அழித்தல், நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், மாவுப்பூச்சியைப் பாதுகாக்கும் எறும்புகளைத் தடுத்தல் ஆகியவற்றை முதலில் செய்ய வேண்டும். தேவைப்படின் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, பறவைகள் வராத மாலை வேளையில் தெளிக்கலாம்.