விதைநெல் போல விதைமீன்

உழவர் பத்திரிகையில் மீன் கதை எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இதுவும் விதைக் கதைதான்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பிரிஸ்டல் வளைகுடா என்று ஓர் இடம். உலகில் இயற்கையாகப் பிறந்து வளரும் சாக்ஐ சால்மன் மீனில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. பண்ணை கிடையாது, தீவனம் கிடையாது, மருந்தும் கிடையாது. 2022-ல் மட்டும் 8 கோடிக்குக் கொஞ்சம் குறைவான மீன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன. அதில் 6 கோடியைப் பிடித்தார்கள்.

இந்த மீன் ஓடையில் பொரிக்கும். ஏரியில் ஒன்றிரண்டு வருஷம் வளர்ந்து கடலுக்குப் போகும். இரண்டு மூன்று வருஷம் கழித்து, பிறந்த தண்ணீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே ஓடைக்கு வரும். முட்டையிட்டதும் செத்துவிடும். கரடி இழுத்துப் போட்டது போக மிச்சம் கரையில் மக்கும். கரையோர மரங்களில் கடலிலிருந்து வந்த தழைச்சத்து இருப்பதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கடல் காட்டுக்கு உரம் போடுது, பாருங்க!

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய கணக்குமுறை. பல ஆறுகளின் கரையில் சாரம் போல் கோபுரம் கட்டி, மேலே ஒருவர் நின்று, மணிக்குப் பத்து நிமிஷம் வீதம் மேலே போகும் மீனை எண்ணுகிறார். ஒவ்வோர் ஆற்றுக்கும் இத்தனை மீன் முட்டையிடப் போக வேண்டும் என்று இலக்கு உண்டு. அதைப் பார்த்துத்தான் வலைக்கு நேரம் ஒதுக்குவார்கள். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விற்கிற நம் பழக்கம்தான் இதுவும். யூப்பிக், டெனைனா, அலூட்டிக் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாக இந்த மீனை உண்டு வாழ்கிறார்கள். வணிக மீன்பிடிப்பே 1880-களில் தொடங்கியது.

அந்த ஆறுகளில் பெரியவையான நுஷகாக், க்விச்சாக் இரண்டின் தலைமாட்டில்தான் பெப்பிள் என்ற தாதுப் படுகை இருக்கிறது. செம்பு, தங்கம், மாலிப்டினம் எல்லாம் உண்டு. ஆனால் வெட்டும் பாறையில் செம்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் கழிவு. கந்தகம் கலந்த பாறை என்பதால் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் கசியும். அந்தச் சேற்றை அணை கட்டித் தேக்கி, சுரங்கம் மூடிய பிறகும் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். பக்கத்து நாடான கனடாவில் மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவு அணை 2014-ல் உடைந்து, கழிவு க்வெனெல் ஏரிக்குள் போனது. அணை உடையவே வேண்டாம். செம்பு மிகச் சிறிதளவு கரைந்தாலே சால்மனின் மோப்பம் கெடும். மோப்பம் கெட்ட மீன் எப்படி ஊர் திரும்பும்?

வங்கியில் வருஷக்கணக்காகக் கடன் மனுக்களை அலசியவன் என்பதால், கம்பெனி சொன்ன ஒரு வாதத்தில் என் கண் நின்றது. “எங்கள் சுரங்கம் தொடுவது இத்தனை பெரிய வடிநிலத்தில் ஒரு மூலையைத்தானே?” என்றார்கள். 2020 ஜூலையில் ராணுவப் பொறியாளர் பிரிவின் அறிக்கையும் மீன் எண்ணிக்கையில் அளக்கும்படியான பாதிப்பு இருக்காது என்றுதான் சொன்னது.

ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே இதற்கு விடை சொல்லியிருந்தார்கள். அங்கே இருப்பது ஒரே மீன் கூட்டம் அல்ல. ஓடைக்கு ஓடை தனித்தனியாக நூற்றுக்கணக்கான கூட்டங்கள். ஒன்று சீக்கிரம் வரும், ஒன்று தாமதமாக வரும். ஒரு வருஷம் இந்த ஓடை பொய்த்தால் அந்த ஓடை கைகொடுக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால் மீன்பிடிப்பை மூட வேண்டிய வருஷங்கள் பத்து மடங்கு கூடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வெள்ளத்துக்கு ஒரு நெல், வறட்சிக்கு ஒரு நெல் என்று வைத்திருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூலையில் கிடக்கும் சின்ன ஓடை அசலின் ஒரு பகுதி. கம்பெனி மனு போட்டதோ 20 வருஷச் சுரங்கத்துக்கு.

2010-ல் ஆறு பழங்குடிக் கிராமங்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மனு கொடுத்தன. மீனவர்களும் சேர்ந்தார்கள். 2013-ல் ஆங்கிலோ அமெரிக்கன் விலகியது. 2014-ல் ரியோ டின்டோ தன் பங்கை இரண்டு அறக்கட்டளைகளுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டுப் போனது. சொத்தை விற்காமல் தானம் செய்துவிட்டு ஓடுகிறான் என்றால் அதன் மதிப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்! 2020 நவம்பரில் அதே ராணுவப் பொறியாளர் பிரிவு அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் முகமை, தூய நீர்ச் சட்டத்தின்படி தடை போட்டது. சால்மன் ஓடையில் எட்டரை மைல், மற்ற ஓடைகள் 91 மைல், ஈரநிலம் 2,000 ஏக்கருக்கு மேல் அழியும் என்பது அதன் கணக்கு. கம்பெனியும் மாநில அரசும் அதை எதிர்த்து வழக்குப் போட்டன.

சட்டத்தை மட்டும் நம்பி அந்த ஜனங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. இலியம்னா ஏரிக்கரையில் பெட்ரோ பே என்று சின்னக் கிராமம். தாதை வெளியே கொண்டுபோகக் கம்பெனி விரும்பிய சாலை அவர்கள் நிலத்தின் வழியே போக வேண்டும். 2022-ல் அந்தக் கிராமத்து நிறுவனம் 44,000 ஏக்கருக்கு மேல் பாதுகாப்பு உரிமையைப் பதிந்து ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுத்தது. கிடைத்தது சுமார் 2 கோடி டாலர். நிலம் அவர்களுடையதுதான். வேட்டையும் மீன்பிடியும் அப்படியே. விட்டுக்கொடுத்தது சுரங்கச் சாலை மாதிரியான வேலைகளுக்கான உரிமையை மட்டும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், தங்கள் நிலத்துக்குத் தாங்களே நிரந்தர வில்லங்கம் போட்டுக்கொண்டார்கள்.