இரயிலைப் பிடித்திருந்தால்?

“அன்று அந்த வண்டியைத் தவறவிடாதிருந்தால் என் வாழ்க்கையே மாறியிருக்கும்!” இவ்வாறு பலர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் மாறியிருக்குமா? அதை அறிய வழியுண்டா?

1998-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ என்னும் ஆங்கிலப் படம் இக்கேள்வியையே கதையாகக் கொண்டது. பீட்டர் ஹௌவிட் எழுதி இயக்கிய காதல் நகைச்சுவைப் படம் இது. கதாநாயகி ஹெலனாக நடித்தவர் குவினெத் பால்ட்ரோ. இலண்டனில் வேலையை இழந்த ஹெலன், வீடு திரும்பச் சுரங்க இரயில் நிலையத்தின் படிகளில் ஓடி இறங்குகிறாள். ஒரு சிறுமி குறுக்கே வர, ஒரு கணம் தாமதம். இரயிலின் கதவு மூடிவிடுகிறது. உடனே படம் சற்றுப் பின்னோக்கி ஓடுகிறது. இம்முறை அவள் இரயிலில் ஏறிவிடுகிறாள்! இதன்பின் இரு கதைகளும் மாறி மாறி நடக்கின்றன. ஏறிய ஹெலன் நேரத்தோடு வீடு சேர்ந்து, காதலன் செய்யும் துரோகத்தைக் கண்டுவிடுகிறாள். ஏறாத ஹெலன் அதை அறியாமலே அவனோடு வாழ்கிறாள்.

ஒரு கணத் தாமதம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா? 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லொரென்ஸ், கணிப்பொறியில் ஒரு கணக்கை மீண்டும் ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். தொடக்கத்தில் இரு விடைகளும் ஒத்துச் சென்றன. போகப்போக முற்றிலும் வேறான வானிலைகளாகிவிட்டன. எனினும் எல்லா வேறுபாடுகளும் இவ்வாறு பெருகுவதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் எங்கிருந்து கோலிக்குண்டை உருட்டினாலும் அது அடியில்தான் வந்து நிற்கும்.

கணிப்பொறியில் ஒரே கணக்கை இருமுறை ஓட்டலாம். திரையில் ஒரே நாளை இருமுறை காட்டலாம். மனித வாழ்வை அவ்வாறு ஓட்ட முடியாதே! மருந்துண்ட நோயாளி குணமடைந்தால், அது மருந்தின் பயனா, தானாக வந்த நலமா? மருந்துண்ணாத அதே மனிதர் நம் முன் இல்லை.

இச்சிக்கலுக்கு அறிவியல் கண்ட வழி எளியது. ஒருவரின் இரு பாதைகளைக் காண இயலாவிடினும், ஒத்த தன்மையுள்ள இரு குழுக்களைக் காணலாம். பிரிட்டனில் 1947-இல் ஸ்டிரெப்டோமைசின் மருந்து மிகக் குறைவாகவே கிடைத்தது. கடுமையான காசநோய் கொண்ட 107 பேர், குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். இன்னாருக்கு மருந்து என்று மருத்துவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க இயலாது. 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றோரில் 4 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் பயன் ஐயமின்றித் தெரிந்தது. 1948-இல் முடிவு வெளியாயிற்று.

ஆனால் இம்முறை கூறுவது குழுவைப் பற்றியே. பிழைத்தவருள் ஒருவரைச் சுட்டி, “மருந்தின்றி இவர் இறந்திருப்பாரா?” என்றால் அதற்கு விடையில்லை. உங்கள் தவறிய இரயிலும் அத்தகையதே. ஆகவே, “இதைச் சாப்பிட்டேன், நோய் போயிற்று” என்று யாரேனும் சொன்னால், “சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள். மூடிய கதவுக்கு அப்பால் நாம் எட்டிப் பார்க்க உதவும் கேள்வி அதுவே.