கடலில் மூழ்கிய அன்றே மலை ஏறாதீர்கள்

காலையில் கோவளத்தில் ஸ்கூபா, கடலுக்கடியில் மீன்களோடு நாலு படம், ராத்திரிக்குள் மூணாறு வீடு. தேவிகுளம், மறையூர் பக்கத்திலிருந்து விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இப்படித் திட்டம் போடுவது இயல்பு. வீட்டார் கடலை நினைத்துத்தான் பயப்படுவார்கள். நேரியமங்கலம் தாண்டி வண்டி மேலேறும் நேரத்தில் உள்ள ஆபத்தை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. கரையேறிய பின் அது மூச்சு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போய்விட்டால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடலாம். மூழ்கியவுடன் விமானம் ஏறக் கூடாது என்பது இதனால்தான். அந்த விதி சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். கொழுக்குமலை 2,000-க்கும் மேல். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற முழுக்குப் பாதுகாப்பு அமைப்பு. ஆழம் குறைந்த ஒரே முழுக்கில் ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அன்றிரவு கடற்கரையிலேயே தங்கிவிடுங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் திரும்புவது தாழ்ந்த நிலத்துக்கு. அவர்களும் நெல்லியாம்பதி ஏறுவதாக இருந்தால் மணிக்கணக்குப் பார்க்க வேண்டும்.

மூட்டுவலி, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், தோலில் அரிப்போ தடிப்போ, காரணமில்லாத அசதி: மூழ்கிய ஒரு நாளுக்குள் இவற்றில் எது வந்தாலும் பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, “நேற்று ஸ்கூபா போனேன்” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மலையூர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தோன்றாது. உடனே தூய ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அதன்பின் அழுத்த அறைச் சிகிச்சை.

கேமரா வேறொரு தொல்லையைக் கொண்டுவருகிறது. சின்னத் திரையில் கோமாளி மீனைத் தேடிக்கொண்டிருப்பவர் காற்றுமானியைப் பார்ப்பதில்லை. முள் 50 பார் அளவைத் தொட்டுச் சிவப்புக்குள் போயிருக்கும். குமிழி பட்டால் மீன் ஓடிவிடும் என்று மூச்சைப் பிடிப்பார்கள். பிடித்த மூச்சோடு பத்து மீட்டரிலிருந்து மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். ஓரிரு மீட்டர் உயர்வே நுரையீரலைக் கிழித்துவிடலாம். முதல் முறை போகிறவர் கேமராவைக் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது. பயிற்றுநர் எடுக்கட்டும்.

நல்ல கோணம் கிடைக்கப் பவளத்தில் கால் ஊன்றுவதும் கூடாது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அலை ஒதுக்கிய செத்த பவளத் துண்டைக்கூட நினைவுக்காக எடுத்துவரக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அத்தகைய இடங்களில் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். நிறுவனம் வாங்கியிருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படகேறும் முன் ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டுவார்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் எதையும் அதில் மறைக்காதீர்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, ஒரு பயிற்றுநரோடு எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். “எது நடந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே, அவர்கள் அலட்சியத்தால் நேர்ந்த தீங்குக்குப் புகார் செய்யும் உரிமை போய்விடாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: காசு கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நனைந்த உடையில் இருக்கும் உங்கள் மகளின் படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாகிராம் விளம்பரமாகப் போட்டால் எடுக்கச் சொல்லலாம். படிவத்தில் அந்தச் சம்மதத்தையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், பார்த்து அடித்துவிடுங்கள்.

சேவையில் குறை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கோவளத்துக்கோ புதுச்சேரிக்கோ அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இடுக்கியிலோ பாலக்காட்டிலோ, வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், பணம் அனுப்பிய ரசீது, கையெழுத்துப் போட்ட படிவத்தின் செல்போன் படம், மருத்துவச் சீட்டு இவற்றைப் பத்திரமாக வையுங்கள். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச்சேர வேண்டும்.