ஜன்னலை எங்கே வைப்பது?

பங்சார் அலுவலகக் கோபுரங்கள் பலவற்றில் நண்பகலிலும் ஜன்னல் சீலை மூடியிருக்கும். உள்ளே விளக்குகள் எரியும். தாளைப் படிக்க அதன்மேல் வெளிச்சம் விழவேண்டும். கணினித் திரை தானே ஒளிர்வது. அதன்மேல் விழும் வெளிச்சம் எழுத்தை மங்கச்செய்யும். கண்ணைச் சுருக்கி, கழுத்தை வளைத்துப் பார்ப்போம். மாலையில் தலைவலி.

மலேசியாவின் எம்.எஸ். 1525 தரநிலை பொது அலுவலகத்துக்குப் பரிந்துரைப்பது 300 முதல் 400 லக்ஸ் வெளிச்சம். நேர்வெயிலில் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல்! அதை அடக்க, புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் சுவர்களையே வெளிப்புறம் சாய்த்தது. மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல். ஜன்னலோர ஒளித்தட்டு வெளிச்சத்தைக் கூரைக்கு அனுப்பி, உள்ளே பரப்புகிறது.

வாடகை அலுவலகத்தில் சுவரைச் சாய்க்க முடியாதுதான். மேசையைத் திருப்பலாம். ஜன்னல் முதுகுக்குப் பின்னும் வேண்டாம், முகத்துக்கு நேரேயும் வேண்டாம்; பக்கவாட்டில் இருக்கட்டும்.